பாலேந்திரன் எண்ணாமல் விட்ட எல்க்குகள்

நோர்வேயில், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பாலேந்திரன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். எல்க் பாலேந்திரன் என்று கேட்டால் ஒரே ஆள்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கிப் பேருந்து கழுவி, இன்றைக்குக் கழுவுகிற கொம்பனிக்கே முதலாளி. பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதை அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

எல்க் என்றால் வன்னிக் காட்டு மரைக்குப் பெரியப்பன் முறை. குதிரை உயரம், எருமை உடம்பு, தலையில் இரண்டு சுளகைக் கவிழ்த்துவைத்தது போலக் கொம்பு. ஆனால் இந்த நாட்டில் துவக்கைத் தூக்கிக்கொண்டு நினைத்தவுடன் காட்டுக்குள் இறங்க முடியாது. முதலில் வேட்டைப் பரீட்சை. பிறகு வருடா வருடம் குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிறுத்துவது என்று அரசாங்கம் சொல்லும். எந்தக் குழு எத்தனை சுடலாம், அதில் ஆணான கிடா எத்தனை, பெண்ணான மாடு எத்தனை, கன்று எத்தனை என்பதை நகரசபை சொல்லும்.

"பரீட்சை எனக்கு ஒரேதரத்திலை பாஸ்," என்பார் பாலேந்திரன்.

"ஓம், மூண்டாவது ஒரேதரத்திலை," என்பார் மனைவி விமலாதேவி, கறிச்சட்டியை விட்டுத் தலை நிமிராமல்.

எத்தனையாவது தரம் என்றாலும் பாஸ் பாஸ்தான். கிழக்குக் காட்டில் வேட்டையாடும் குழு ஒன்றில் ஒரே தமிழர் அவர். போன வருடம் தன் பங்கில் கிடைத்த இறைச்சியைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தார். தின்றவர்கள் தின்னாதவர்களுக்குச் சொன்னார்கள். அதிலிருந்து பிடித்தது வினை.

யாழ்ப்பாணத்தில் பங்கு இறைச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆடு வேலியோரம் குழை தின்றுகொண்டு நிற்கும்போதே, எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் பாலேந்திரன் கோடை விடுமுறையில் ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில் இருக்கும் கிளெமென்றின் பலசரக்குக் கடைக்குப் போனார். கருவாடு வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். சபை கூடிவிட்டால் அவருக்குக் கை சும்மா இராது, வாயும் இராது.

"கிளெமென்ற், இந்த முறை ஆருக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டன். கேக்கிற வீட்டுக்கெல்லாம் பங்கு. காசு கீசு ஒண்டும் வேண்டாம்."

"அண்ணை, சொல்லிப்போட்டுப் பேந்து மாறக்கூடாது. என்ரை கடை வாசலிலைதான் வந்து நிப்பினம்."

"பாலேந்திரன் சொன்னால் சொன்னதுதான்."

ஊரில் ஆடு வேலியோரம் நின்றது. எல்க் எங்கே நின்றது என்பது எல்க்குக்கு மட்டும்தான் தெரியும். நகரின் மறுகோடியில் இருக்கும் ரொம்சோஸ் வரைக்கும் செய்தி பரவி, கோயிலில் அர்ச்சனைக்கு நின்றவர்கள்கூட "எங்கடை பங்கு மறக்காதேங்கோ" என்று காதுக்குள் சொல்லத் தொடங்கினார்கள்.

கோடை முடிகிற நேரம் குழுத்தலைவர் ஓட்வார் எல்லோரையும் தன் காட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றினார். பிறகு அந்த வருட அனுமதியைச் சொன்னார்: ஒரு கன்று. கிடா இல்லை, மாடு இல்லை. ஒரே ஒரு கன்று.

பாலேந்திரன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "ஏன், போன வருசம் நல்லாத் தந்தவைதானே?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"போன இலையுதிர்காலத்தில் நாங்கள் கண்ட எல்க்குகளின் கணக்கைப் பார்த்துத்தானே அவர்கள் தீர்மானிக்கிறார்கள்," என்றார் ஓட்வார். "காடு வெறுமையாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். நீதானே பாலா, கைபேசியில் பதிகிற வேலையைக் கேட்டு வாங்கினாய்?"

கேட்டு வாங்கியது உண்மை. தன்னைவிடக் கைபேசி தெரிந்தவன் குழுவில் இல்லையென்று நெஞ்சை நிமிர்த்தி வாங்கிய வேலை. வேட்டை நாட்களில் யார் எதைக் கண்டாலும் அவரிடம் வந்து சொன்னார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டார். ஆனால் பதிகிற நேரம் விரல் ஓடவில்லை. பால்மாடு எத்தனை, மாமரத்தில் காய் எத்தனை, வீட்டில் பிள்ளை எத்தனை என்று எவனாவது கேட்டால் "ஏதோ கடவுள் தந்தது" என்று சொல்லி வளர்ந்தவர் அவர். உள்ளதை உள்ளபடி சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். போதாக்குறைக்குப் பக்கத்துக் காட்டுக் குழு மோப்பம் பிடித்து எல்லைக்கு வந்துவிடும் என்ற தந்திரக் கணக்கும் சேர்ந்தது. கூட்டமாகக் கண்டதை ஒன்றிரண்டாகச் சுருக்கி அனுப்பினார். எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் சில நேரம் எங்கள் காலையே சுற்றும்.

ஆனாலும் முகத்துக்கு நேரே கேட்டால் மறைக்கத் தெரியாத மனிதர். அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு ஓட்வார் கோப்பிக் கேத்தலை எடுத்து அவருடைய குவளையை நிரப்பினார். "எங்கள் தாத்தாவும் மீன்பிடிக்கிற இடத்தைச் சொல்லமாட்டார்," என்றார். "ஆனால் அரசாங்கத்துக்குச் சொன்னார்."

மறுநாள் பாலேந்திரன் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். இந்த வருட அனுமதி அனுமதிதான், கண்டதை இனிச் சரியாகப் பதியுங்கள், அடுத்த தீர்மானத்தில் பார்ப்போம் என்றார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. படித்தவர்கள் போட்ட சட்டம் என்றாலும் சரியான சட்டம்.

"இப்ப என்னப்பா செய்யப்போறியள்?" என்று கேட்டார் விமலாதேவி. "சனம் பிறீசரைத் துப்பரவாக்கி வைச்சுக்கொண்டு நிக்குது."

"சொன்ன சொல்லு சொல்லுத்தான்."

"அப்ப கன்றை நூலாலை அளந்து வெட்டுங்கோ."

வேட்டை தொடங்கிய நாள் பாலேந்திரன் தொப்பியில் செம்மஞ்சள் பட்டியோடு தன் காவல் இடத்தில் இருந்தார். பனிப்புகார் மெல்ல விலகியது. பிர்ச் மரங்களுக்கிடையே ஒரு கிடா வந்து நின்றது. அப்படியொரு கிடாவை ஓட்வாரே கண்டிருக்கமாட்டார். கல்லெறிந்தால் படுகிற தூரம். அந்த ஒரு கிடா போதும், ரொம்சோஸ் பிறீசர்கள் எல்லாம் நிரம்பும், கிளெமென்றின் கடைக்குத் தலை நிமிர்ந்து போகலாம்.

விரல் துவக்கில் இருந்தது. அனுமதியில் கன்று மட்டும் இருந்தது. அந்த எண்ணிக்கை விளையாட்டைத் தவிர, மீன் வெட்டிய காலத்திலிருந்து இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு கீறல் விழுத்தாத மனிதர்.

"போ ராசா, போ," என்றார், தாழ்ந்த குரலில். "நீ பிழைக்கிறதுக்கு நான்தான் காரணம். ஆரிட்டையும் சொல்லாதை."

கிடா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது.

கன்றைச் சுட்டது குழுவில் இருந்த வேறொருவர். கன்றுதானே, ஆளுக்கு ஒரு பை. அந்தப் பையை எத்தனை வீடுகளுக்குப் பிரிப்பது? பாலேந்திரன் தோலுரித்த இடத்தில் நின்று யோசித்தார். எலும்புகளை அவர்கள் ஒதுக்கிக் குவித்திருந்தார்கள்.

"இது ஆருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லை," என்றார் ஓட்வார்.

"அப்ப எனக்கு."

அந்தச் சனிக்கிழமை தமிழ்ச் சங்க மண்டபத்தில் அடுப்பில் பெரிய கிடாரம் ஏறியது. எலும்பை மஞ்சளும் மிளகும் உள்ளியும் போட்டு அவித்து, தன் பையில் இருந்த இறைச்சியையும் சிறிது சிறிதாக அரிந்து போட்டு, கடைசியில் பழப்புளி கரைத்து ஊற்றினார். பங்கு கேட்ட வீடுகள் எல்லாம் வந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை சூப், அதற்குள் தேடினால் ஒரு துண்டு.

"அண்ணை," என்றார் கிளெமென்ற், குவளைக்குள் உற்றுப் பார்த்து, "என்ரை எல்க் நீந்திப் போட்டுதோ?"

"உனக்கு நெஞ்சுப் பங்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்."

"பரவாயில்லை, சொன்ன சொல்லுக்கு உப்புப் புளி சரியாய் இருக்குது." மறுபடியும் குவளையை நீட்டினார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பாலேந்திரன் கைபேசியை எடுத்துவைத்துக்கொண்டு குந்தினார். கிடா, மாடு, கன்று என்று குழு கண்டதையெல்லாம் ஒன்றும் விடாமல், வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பதிந்தார். தான் விட்டுவிட்ட கிடாவைப் பதியும்போது கொம்பின் அளவையும் எழுத இடம் தேடினார். இடம் இல்லை.

விமலாதேவி அடுக்களையிலிருந்து வந்தார். பொத்திய கைக்குள் உப்பும் செத்தல் மிளகாயும் இருந்தன.

"எனக்கோ?" என்று கேட்டார் பாலேந்திரன்.

"உங்களிலை ஆர் கண் வைக்கப்போகினம்? போனைத் தாங்கோ."

கைபேசியை மூன்று முறை சுற்றி, காறித் துப்புகிற மாதிரிப் பாவனை காட்டி, மிளகாயை அடுப்புக்குக் கொண்டுபோனார்.

"இனி அனுப்புங்கோ," என்றார் அங்கிருந்து.