கம்பஸ் ஐயா பிடித்த பஸ்

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கூலிக்கு நின்ற மழைக்காலத்தில்தான் கம்பஸ் ஐயாவோடு பழகினேன். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன ஒரே ஆள் அவர். பென்ஷனுக்குப் பிறகும் அங்கே தன்னோடு படித்தவர்களை விடாமல் நச்சரித்து, லயத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பியும் கிழவர்களுக்குக் கண்ணாடியும் வாங்கி வருவார். "எங்க கம்பஸ்ல" என்று தொடங்காமல் அவருக்குப் பேச்சே வராது.

மலையில் வெடிப்புக் கண்ட அன்று அந்தக் கம்பஸ் கூட்டாளிகளைப் பிடித்தே ஒரு பஸ் வரவழைத்து, எல்லாரையும் கண்டியில் ஒரு பாடசாலையில் தங்க அனுப்பினார்.

"இதுல ஏறினா எனக்கும் பட்டம் குடுப்பாங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஏறுடா, மடையா."

கடைசி வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. மகள் வயதுக்கு வந்து மூலையில் இருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டேன் என்றாள்.

"நீ இவங்களோட போ. நான் பேசிக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றார் ஐயா.

பஸ் கீழ்ச்சந்தியைத் தாண்டியதும் பின்னால் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது.

மறுநாள் ஐயாவையும் அந்தத் தாயையும் மகளையும் தேடி மண்வெட்டிகளோடு திரும்பினோம். லயம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தோண்டத் தோண்டச் சேறு வந்து நிறைந்தது. அவரோடு படித்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இன்னும் ஒரு பிள்ளை ஏறோணும், பஸ்ஸைத் திருப்பி அனுப்பு எண்டு நேற்று அவன் போனில சொன்னவன். பிள்ளை வந்திட்டாளோ?"

இல்லை என்றேன். அவர் பஸ்ஸைப் போகச் சொல்லவில்லை. நாங்கள் மறுபடியும் தோண்டினோம்.