அம்பைத் திருப்பியது யார்

ரேணுகா தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தைக் கூடைக்குள் போட்டதில்லை. ஆட்டத்தின் நடுவே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஸ்கோர் எழுதும் மேசையடிக்கு வந்தால், காலால் நிறுத்தி ரெஃப்ரி பக்கம் உருட்டிவிடுவாள். அத்தோடு சரி. ஆனால் மேற்கு மண்டல இரண்டாம் பிரிவுக் கூடைப்பந்து லீக்கில் பதினோரு சீசனாக ஸ்கோர் ஷீட் எழுதுபவள் அவள்தான்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் அவள் பரிசோதகர். தைத்து வரும் சட்டைகளின் மூட்டுத் தையலை விரலால் தடவிப் பார்த்து, தவறு இருந்தால் சீட்டு எழுதி ஒட்டுவது வேலை. குவார்ட்டர்ஸில் அவளுக்கும் கணவன் வெங்கட்டுக்கும் கிடைத்த வீடு இரண்டாம் மாடி. பின்பக்க ஜன்னலுக்கு நேர் கீழே கூடைப்பந்து மைதானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊழியர் போட்டிக்கு ஸ்கோர் எழுத வேண்டியவர் வரவில்லை. சீட்டுகளை முத்து முத்தாக எழுதுவாளே என்று யாரோ நினைவுவந்து அவளைக் கூப்பிட்டார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று அவள் எழுதிய ஷீட்டில் எட்டுத் தவறுகள். எட்டையும் ரெஃப்ரி வட்டமிட்டுக் காட்டினார். அந்த எட்டும் அவளைத் தூங்கவிடவில்லை. விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதி ஒன்றை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தாள். மாவட்டத் தேர்வில் முதல் தடவை தோற்றாள், மறு தடவை தேறினாள்.

லீக்கில் எட்டு அணிகள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று ஊருக்கு ஒன்றாக உள்ளூர் முதலாளிகள் நடத்துபவை. ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். வெளிமாநிலத்து ஆள் இருவரை வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் தொடங்கி மே கடைசிவரை சனி, ஞாயிறு மாலைகளில் ஆட்டம். முதலிடம் பிடிக்கும் அணி முதல் பிரிவுக்கு ஏறும்.

அணிகளைப் போலவே மேசைக்காரர்களும் ஏறலாம் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. முதல் பிரிவு லீக் ஆண்டுதோறும் இரண்டாம் பிரிவிலிருந்து ஒரு ஸ்கோரரை எடுத்துக்கொள்ளும். மண்டலச் செயலாளர் பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டும், அந்தச் சீசனில் அவர் மேல் ஒரு தவறுக் குறிப்பும் இருக்கக் கூடாது, வயது நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. ரேணுகாவுக்கு வரும் ஆகஸ்டில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்தச் சீசன் விட்டால் இல்லை. ஒருமுறை முதல் பிரிவு ஆட்டம் பார்க்க நகரத்தின் உள்ளரங்கத்துக்குப் போனவள், இரண்டு மணி நேரமும் ஆட்டத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். யார் ஜெயித்தது என்று வெங்கட் கேட்டபோது யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. மண்டலச் செயலாளர் கஜபதி, சீசன் சுத்தமாக முடியட்டும், உங்கள் பெயரைத்தான் அனுப்புகிறேன் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

அவளோடு மேசையில் உட்காருபவர்கள் இருவர். ஆட்டக் கடிகாரத்தையும் ஹாரனையும் பார்ப்பவன் சம்பத், திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவன். பந்து கையில் வந்து இருபத்துநான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதிக்கான கடிகாரம் கார்த்திகாவிடம். முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர், முப்பத்தெட்டு வயது, பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள்.

ஸ்கோர் ஷீட் எழுத ஒரு முறை உண்டு. ஒன்றாம், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்பு மை. இரண்டுக்கும் நான்குக்கும் நீலம். ஒவ்வொரு பகுதி முடிவிலும் கடைசிப் புள்ளிக்கு வட்டம் போட்டு, கீழே கனமாகக் கோடு இழுத்து, பேனா மாற்றி அடுத்ததைத் தொடங்க வேண்டும். ரேணுகா அந்தக் கோட்டை அளவுகோல் வைத்துத்தான் இழுப்பாள். அவள் கோடு போட்டு முடிப்பதற்குள் இவனுங்க அடுத்த சீசனே ஆடி முடிச்சிடுவானுங்க என்று கார்த்திகா கிண்டல் செய்வாள்.

மேசை மேல் சிவப்பு வர்ணம் அடித்த மர அம்பு ஒன்றும் இருக்கும். ஆட்டத் தொடக்கத்தில் மட்டுமே பந்தை மேலே எறிந்து இருவரைத் தாவ விடுவார்கள். அதன் பிறகு இரண்டு பேர் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாருடையது என்று தெரியாமல் போனால், அணிகள் முறைவைத்து மாறி மாறிப் பந்தை எடுக்கும். இரண்டாம், மூன்றாம், நான்காம் கால்பகுதிகளைத் தொடங்குவதும் அதே முறையில்தான். அடுத்த முறை யாருக்கு என்பதை அம்பு காட்டும். ஓர் அணி தன் முறையை எடுத்ததும் அம்பை மறுபக்கம் திருப்ப வேண்டும். அது ஸ்கோரரின் வேலை. ரேணுகா கண்ணை ஷீட்டிலிருந்து எடுக்காமல் இடது கையால் திருப்புவாள். பதினோரு சீசன் பழகிய கை.

அந்தச் சீசனில் வெயில் மார்ச்சிலேயே சுட்டது. திருமழிசையில் ஒரு முறை மின்சாரம் போய், சம்பத் விசிலும் கைக்கடிகாரமுமாக ஒரு பகுதியை ஓட்டினான். பதின்மூன்று ஆட்டங்கள் எழுதிய ரேணுகாவின் ஷீட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பதினான்காவது, ஆவடியில் கடைசி ஆட்டம். அம்பத்தூரும் பூந்தமல்லியும் சமப்புள்ளியில் நின்றன. ஜெயிக்கும் அணி மேலே போகும்.

பூந்தமல்லிக்காரர்கள் இரண்டு வேனில் ஆட்களையும் ஒரு பேண்டு செட்டையும் கூட்டிவந்து மேசைக்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள். சாயங்காலம் காற்றும் எழுந்தது. மூன்றாம் பகுதி முடிந்தபோது ஷீட் பறக்கப் பார்த்தது. ரேணுகா இடது முழங்கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு கோடு இழுத்தாள். சிவப்புப் பேனாவை மூடி நீலத்தை எடுத்தாள். அம்பு அம்பத்தூர் பக்கம் காட்டியது. அம்பத்தூர் பந்தை உள்ளே எறிந்து நான்காம் பகுதியைத் தொடங்கியது. பேண்டு செட் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆட்டம் ஆளுக்கு ஒரு கூடை என்று ஏறி ஏறிப் போனது. முப்பத்தாறு விநாடி மிச்சம் இருக்கும்போது பூந்தமல்லி எழுபத்தொன்று, அம்பத்தூர் எழுபது. கூடைக்குக் கீழே இரண்டு பேர் ஒரே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். தலைமை ரெஃப்ரி சின்னசாமி இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திவிட்டு மேசையைப் பார்த்தார். அம்பு அம்பத்தூர் பக்கம் காட்டியது. அவரும் அந்தப் பக்கம் கை நீட்டினார்.

ரேணுகா தலையை நிமிர்த்தினாள். நான்காம் பகுதியைத் தொடங்கியது அம்பத்தூர். அதன் பிறகு இப்படி இருவர் பந்தைப் பிடித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அப்படியானால் இது பூந்தமல்லியின் முறை.

உள்ளே எறிந்த பந்து ஒரு ஆட்டக்காரர் கையில் பட்டுவிட்டால் பிறகு திருத்த முடியாது. அதற்கு நான்கைந்து விநாடி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு கோச்சும் ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள், பந்து யார் முறை என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. முதல் வரிசையில் கஜபதி உட்கார்ந்திருந்தார்.

"சம்பத்து, ஹாரன அமுக்கு."

"இன்னாக்கா, டைம் அவுட்டா?"

"அமுக்குப்பா."

அமுக்கினான். அம்பத்தூர்க்காரன் எறிய ஓங்கிய கை அப்படியே நின்றது. சின்னசாமி ஓடிவந்தார். அம்பு தவறாக நிற்கிறது, பந்து பூந்தமல்லிக்கு என்று ரேணுகா எழுந்து நின்று சொன்னாள். சின்னசாமி பேசுமுன் அம்பத்தூர் கோச் ஏகாம்பரம் குறுக்கே வந்துவிட்டார்.

"அம்பு எங்க பக்கந்தானம்மா கீது? ரெஃப்ரியே குடுத்துட்டாரு. நீ இன்னா நடுவுல?"

"நாலாவது குவார்ட்டர ஆரம்பிச்சது யாரு சார்?"

ஏகாம்பரம் பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஆரம்பித்தது தன் அணிதான் என்று அவருக்கும் நினைவு வந்துவிட்டது. அப்புறம் குரலை இறக்கி, அப்போ அந்த அம்பை ஒழுங்காக வைக்காமல் மேசையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

பந்து பூந்தமல்லிக்குப் போனது. அம்பத்தூர் வேறு வழியில்லாமல் ஃபவுல் செய்ய, கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே விழுந்தன. எழுபத்துமூன்று, எழுபது. பூந்தமல்லி மேலே போனது. ஏகாம்பரம் ஷீட்டின் எதிர்ப்புக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மூவரும் மேசையை விட்டு எழவில்லை. எப்படி என்று ரேணுகா முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். பந்து உள்ளே போனதும் கை தன்பாட்டுக்கு அம்பைத் திருப்பியது நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னதும் கார்த்திகாவின் முகம் மாறியது.

"அக்கா, நான் திருப்பினேன். உங்க முழங்கை ஷீட்டு மேல இருந்துச்சு. 'அம்பு திருப்பிட்டேன்'னு சொன்னேனே."

பேண்டு செட்டில் அது கேட்கவில்லை. கார்த்திகா திருப்பிய அம்பை ரேணுகாவின் கை பார்க்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டது.

"ஆக, ரெண்டு பேரும் கரெக்டா வேல செஞ்சி தப்பு பண்ணிகீறீங்க," என்றான் சம்பத்.

புதன்கிழமை மாலை முகப்பேரில், விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் லீக் அலுவலகத்தில் விசாரணை. எதிர்ப்பு ஐந்து நிமிடத்தில் தள்ளுபடி ஆயிற்று. பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே திருத்தப்பட்டதால் முடிவு செல்லும் என்பது விதி. ஏகாம்பரம் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேசையைப் பற்றிய குறிப்பு மட்டும் மிச்சம்.

கஜபதி அதைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். 'மேசை அலுவலர்களின் பொதுவான கவனக்குறைவால் அம்பு தவறாக நின்றது.' பொதுக் குறிப்பு யார் தலையிலும் தனியாக ஏறாது, ரேணுகாவின் பெயர் போவதற்குத் தடையில்லை, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் செய்திருந்தார். கார்த்திகா உடனே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தை ரேணுகா பக்கம் தள்ளினாள்.

ரேணுகா இரண்டு முறை படித்தாள். தொழிற்சாலையில் தவறு சீட்டு எழுதும்போது தைத்தவரின் எண் இல்லாமல் சீட்டு செல்லாது. பொதுவாகத் தையல் பிரிந்தது என்று எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். பதினேழு வருடத்தில் அப்படி ஒன்று அவள் எழுதியதில்லை.

"சார், சம்பத்து அம்பையே தொடல. அவரு கை கடிகாரத்துலதான் இருந்துச்சு. இதுல எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?"

"போட்டுக்கிறேன்க்கா, அத்தினால இன்னா?" என்றான் சம்பத்.

"நீ சும்மா இரு."

அப்போது கார்த்திகா குறுக்கே வந்தாள். அம்பு ஸ்கோரருடையது, அதைத் தொட்டதே தன் தவறு, எழுதுவதாக இருந்தால் தன் பெயரை எழுதட்டும், தனக்கு வயது இருக்கிறது, அடுத்தடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"நீ தொட்டது தப்புன்னு வெச்சுக்க. ஆனா நீ திருப்பினப்ப அம்பு சரியா நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு. அதுக்கு?"

"அதுக்கப்புறம் அத தப்பாக்கினது என் கை."

கஜபதி மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ரேணுகா அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, தட்டச்சு செய்த வரியின் மேல் ஒரே கோடு இழுத்து, அடியில் எழுதினாள். அளவுகோல் இல்லாமல் இழுத்த கோடு கொஞ்சம் சரிந்திருந்தது. 'நான்காம் கால்பகுதித் தொடக்கத்தில் 24 விநாடி அலுவலர் அம்பைச் சரியாகத் திருப்பினார். அதைப் பார்க்காமல் ஸ்கோரர் மறுபடி திருப்பினார். தவறு ஸ்கோரருடையது.'

"இத எழுதினா உங்க பேர நான் அனுப்ப முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அடுத்த வருஷம் வயசும் போயிடும்."

"ஆமாம் சார்."

அவள் தன் பெயரையும் தேதியையும் போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஜூன் இரண்டாம் வாரம் முதல் பிரிவின் பட்டியல் வந்தது. ஸ்கோரராகத் தாம்பரம் பக்கத்திலிருந்து ஒருவரை எடுத்திருந்தார்கள். வெங்கட் பட்டியலைக் கைபேசியில் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் கடைசிப் பெயர்வரை படித்தாள். அன்று சமையலில் உப்பு இரண்டு முறை விழுந்தது. கார்த்திகா விசாரணையன்று கோபித்துக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறிப் போனவள்தான், அதன் பிறகு பேசவில்லை. சிபாரிசை இப்படி யாராவது கையால் கிழித்துப் போடுவார்களா என்று சம்பத்திடம் சொல்லித் தீர்த்தாளாம்.

ஜூலை கடைசியில் கார்த்திகாவே கைபேசியில் கூப்பிட்டாள். அடுத்த சீசனுக்கு மேசைக்குழு பிரிக்கிறார்கள், என் பெயரை உங்க குழுவிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

"இனிமே அந்த அம்புல கை வெக்க மாட்டேன்க்கா."

"வை. ஆனா சொல்லிட்டு வை."

"சொன்னேனே."

"கேக்கற மாதிரி சொல்லு," என்றாள் ரேணுகா. "நானும் இனிமே பாத்துட்டுத்தான் திருப்புவேன்."