விறகுக் கிளையை இழுத்துக்கொண்டு இறங்கிய சைக்கிள்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. சின்னாளபட்டிக்குக் கிழக்கே, சிறுமலை அடிவாரத்தில் இருந்த ஒரு ஊரின் தாய்சேய் நிலையத்தில் நான் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றதும் வயதானவள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வீட்டுத் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். தறி ஓடாமல் கிடந்த ஒரு வருஷம், நர்ஸ் அக்காவுக்கு ஒத்தாசையாக நிலையத்தில் சேர்ந்தேன். கூட்டுவது, தண்ணீர் காய்ச்சுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, இவையெல்லாம் என் வேலை.

நிலையத்துக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் உண்டு. அக்கா அதில் போனால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். எனக்கும் விடாப்பிடியாகச் சொல்லிக் கொடுத்தார். நானோ, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். சமதரையில், எதிரே ஆடு மாடு வராமல் இருந்தால் ஓட்டுவேன். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

அன்று அக்கா நிலையத்தில் இல்லை. மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் குழந்தைகளுக்கு எடை பார்க்க, தராசை ஏற்றிக்கொண்டு முதல் நாளே மாட்டு வண்டியில் போயிருந்தார். காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்க்காரர் ஒருவர் ஓடி வந்து படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கணவாய் ஏறி இறங்கி ஓடி வந்திருக்கிறார். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு.

"எந் தங்கச்சிக்கு இடுப்பு வலி கண்டுருச்சு தாயி. இன்னும் நாள் கெடக்குன்னு இருந்துட்டோம். ரத்தம் நிறுத்துற ஊசி மருந்து இங்கிட்டு இருக்காம்ல, அதைக் கொண்டாரச் சொன்னாக நர்சம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி அக்கா முன்பே சொல்லியிருக்கிறார். முதல் பேறில் ரத்தம் நிற்காமல், பிழைத்ததே மறுபிறப்பு. இந்தத் தடவை மருந்து கையில் இல்லாமல் பிள்ளை பிறந்தால் தாய் தங்கமாட்டாள்.

"நீங்களே கொண்டு போறீகளா அண்ணே?" என்றேன்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நீ சைக்கிள் விடுவேன்னு நர்சம்மா சொன்னாகளே?"

மருந்து கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. ஊசியும் கண்ணாடி. நான் ஒரு முறை விழுந்தால் போதும், அந்தப் பெண்ணின் உயிர் ரோட்டில் சிந்திவிடும். நிலையத்தில் இருந்த பஞ்சை எல்லாம் திணித்து, இரண்டையும் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்தேன். திரும்பத் திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். "ஏந் தாயி, முட்டையா அடைகாக்குற?" என்று அவர் கத்தியபிறகுதான் டப்பாவைத் துண்டில் முடிந்து வயிற்றோடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழி சொல்லித்தான் அனுப்பினார். ஓடை தாண்டி, ஒற்றைப் புளியமரத்தில் வலது கைப் பக்கம் திரும்பினால், அப்புறம் வண்டித் தடம் ஒன்றேதான்.

கத்தரித் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, கிணற்றடியில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தினார். "ஏலே, இங்க பாரு, சேலை சைக்கிள் விடுது! மணியை அடிக்காத ஆத்தா, மாடு மெரளுது!" நான் எங்கே மணி அடித்தேன், குண்டும் குழியுமான தடத்தில் அதுவாகவே அடித்தது. ஓடையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறினேன். ஏற்றம் தொடங்கியதும் இறங்கித் தள்ளினேன். எனக்கு அதில் நிம்மதிதான். தள்ளும்போது விழமாட்டோமே.

உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால், அடேயப்பா! தென்னந்தோப்பும் பூந்தோட்டமுமாக அத்தனை சமவெளியும் காலடியில் கிடக்கிறது. தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை, கை நீட்டினால் தொடலாம் போல. இவ்வளவு உயரமா நாம் வந்தோம் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த பக்கம் திரும்பியதும் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. வண்டித் தடம் சரளைக் கல்லாக, வளைந்து வளைந்து, செங்குத்தாகக் கீழே ஓடியது. கொஞ்சம் இறங்கி பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. சரளையில் சறுக்கிக்கொண்டே போனது.

அங்கே சுமைதாங்கிக் கல்லில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு மூன்று பெண்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, நீ அதைத் தள்ளிக்கிட்டு வாரியே, அது உன்னைய ஏத்தாதாக்கும்?" என்று ஒருத்தி கேட்க, மூவரும் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். சிரிப்பு நின்றது.

அவர்களில் உயரமானவள் எழுந்தாள். "நடந்து எறங்குனா பொழுது உச்சிக்கு வந்துரும். பாரவண்டிக்காரன் இதுல எப்படி எறங்குறான்? பின்னால ஒரு கட்டையைக் கட்டி இழுத்துக்கிட்டுத்தானே போறான்? அதேதேன்."

சொல்லிக்கொண்டே தன் விறகுக் கட்டின் கற்றாழை நார்க் கயிற்றை அவிழ்த்தாள். கவட்டை போட்ட பெரிய கிளை ஒன்றை உருவினாள்.

"அடியே, இருக்கிறதுலயே நல்லதை உருவுறியே, சந்தையில எவன் வாங்குவான் உன் கட்டை?"

"வாங்காட்டிப் போறான். கூழு காய்ச்சிக் குடிச்சுக்கிருவேன், சும்மா கெட."

அந்தக் கிளையை, அதே கயிற்றால், என் சைக்கிள் கேரியரில் இழுத்துக் கட்டினாள். "பிரேக்கை ஒரேயடியாப் புடிக்காத. தொட்டுத் தொட்டு விடு. மிச்சத்தை இது பாத்துக்கிரும்" என்றாள். நான் யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

கரகரவென்று பின்னால் ஒரு சத்தம். செம்மண் புழுதி வால் முளைத்த மாதிரி கிளம்பியது. சைக்கிள் பாயப் பார்க்கிறது, கிளை விடமாட்டேன் என்கிறது. முதல் வளைவில் "முருகா" என்று அலறினேன். அடுத்த வளைவில் அலறல் பாதிதான் வந்தது. அதற்கடுத்ததில், நம்புங்கள், சிரித்துக்கொண்டிருந்தேன்! காற்று முகத்தில் அறைகிறது, குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி ஓடுகின்றன. நான், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடுகிறவள், மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிறேன்!

அந்த நினைப்பில் ஒரு வளைவை விட்டுவிட்டேன். முன்சக்கரம் தடத்தை விட்டு விலகிப் பள்ளத்தின் விளிம்புக்கே போய்விட்டது. டப்பாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். படாரென்று ஒரு இழுப்பு. கண்ணைத் திறந்தால் சைக்கிள் நிற்கிறது. கிளையின் கவட்டை ஒரு பாறையில் மாட்டியிருந்தது. காலுக்குக் கீழே வெறும் பள்ளம். மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, கவட்டையை விடுவித்து, டப்பாவைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். சில்லுச் சத்தம் இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

தரைக்கு வந்ததும் கிளையை அவிழ்க்கவே மறந்துவிட்டேன். கோழிகள் சிதற, புழுதியோடு ஊருக்குள் நுழைந்தேன். "நர்சம்மா, மருந்தும் வந்துருச்சு, வெறகும் வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அதே நேரம் குடிசைக்குள்ளிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. அக்கா ரத்தம் தோய்ந்த கையோடு வாசலுக்கு வந்தார்.

"உடைஞ்சதா?"

பஞ்சை உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குப்பியும் ஊசியும் முழுசாக இருந்தன. அடுப்பில் வெறும் தணல்தான். அந்தப் பெண்ணின் மாமியார் என் கிளையை இழுத்து, படபடவென்று ஒடித்து அடுப்பில் செருகினார். மலையிறங்கித் தேய்ந்தது போக மிச்சமிருந்த கிளை. அந்தத் தீயில்தான் ஊசியைக் கொதிக்க வைத்தேன். அக்கா ஊசி போட்டார். துணி மாற்றினார், மறுபடி மாற்றினார். அதற்கப்புறம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அண்ணன் நொண்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தபோது, தங்கச்சி சுடுகஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திரும்பும்போது அண்ணனும் கூட வந்தார், தலையில் பெரிய விறகுக் கட்டோடு. கட்டியிருந்தது அதே கற்றாழைக் கயிறு. அதைச் சுமைதாங்கி மேல் வைத்துவிட்டு வந்தோம். உரியவள் கைக்குப் போனதா, வேறு யாரும் எடுத்தார்களா, தெரியாது. அவளை நான் பிறகு பார்க்கவே இல்லை.

இன்றைக்கும் பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள்தான் நான். ஆனால் பயப்படுகிற காரியம் ஏதாவது முன்னால் வந்து நின்றால், முதுகில் அந்தக் கை படுகிறது, பின்னால் அந்தக் கரகர சத்தம் கேட்கிறது, நானும் இறங்கிவிடுகிறேன்.