டைல்ஸ் மேஸ்திரியின் பாதி மூட்டு

டைல்ஸ் மேஸ்திரிக்கு வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டுத் தரையிலெல்லாம் மண்டி போட்டுப் பிழைத்த மனிதர். வலது மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் அசரவில்லை. தேயாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பாதியை மட்டும் மாற்றலாம், பிறகு மண்டி போடவும் ஓரளவு வாய்ப்புண்டு, முழு மூட்டையும் மாற்றினால் அது சிரமம்தான் என்றார் டாக்டரம்மா. மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு டைல்ஸ் உடைந்ததற்காக ஹாலையே பெயர்க்கிறவன் தொழில் தெரியாதவன் என்பது அவர் கட்சி.

"ஐயா, இந்தக் கால்ல முன்னாடி அடிபட்டிருக்கா? நடக்கும்போது மூட்டு சட்டுனு மடங்குதா? உள்ள பிடிச்சு வெச்சிருக்கற ஜவ்வு அறுந்திருந்தா பாதி மூட்டு தாங்காது."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு டைல்ஸ் பெட்டியோடு மாடிப்படியில் உருண்டதும், அன்றிலிருந்து அந்தக் கால் அடிக்கடி அவரை வாரிவிடுவதும் மேஸ்திரிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார். பக்கத்திலிருந்த மனைவி வாயைத் திறந்தார். மேஸ்திரி ஒரு முறை முறைத்தார். மனைவி மூடிக்கொண்டார்.

"சரி, கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடக்கச் சொல்வார்கள் என்று தெரிந்து ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தார். மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறவர் போல மிடுக்காகக் கிளம்பினார். நாலாவது அடியில் குதிகாலுக்குக் கீழே ஒரு டைல்ஸ் 'டொக்' என்றது.

உள்ளே காலி! நாமாக இருந்தால் அந்தச் சத்தம் காதிலேயே விழுந்திருக்காது. மேஸ்திரிக்கு மூட்டும் மறந்தது, டாக்டரம்மாவும் மறந்தார். அங்கேயே மண்டி போட்டு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"எவன் ஒட்டினான் இதை? நடுவுல கலவையே இல்லையே! இவனையெல்லாம்..." என்று ஆவேசமாக எழுந்தார். மூட்டு நழுவியது. குப்பைக்கூடையோடு சேர்ந்து தடாலென்று விழுந்தார்.

டாக்டரம்மா அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்தார். மேஜை டிராயர் மாதிரி வந்தது.

"ஜவ்வு அறுந்து ரொம்ப நாளாச்சே ஐயா."

"பன்னெண்டு வருஷம்" என்றார் மனைவி. சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மேஸ்திரி கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வலி அவருக்குப் பெரிதில்லை. பயம்தான். "மண்டி போட முடியலேன்னா அப்புறம் நான் எதுக்கும்மா?" என்றார்.

"என்கிட்ட மறைக்காம கேட்டிருக்கலாமே. பாதி மூட்டை மட்டும் வெச்சிருந்தா கொஞ்ச நாள்லயே ஆட்டம் கண்டிருக்கும். ஜவ்வையும் புதுசா வெச்சு, கூடவே பாதி மூட்டும் மாத்தலாம். எல்லாருக்கும் செய்யமாட்டோம். ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன்."

ஸ்கேன் சாதகமாக வந்தது. ஆபரேஷனும் நடந்தது. அப்புறம் எட்டு மாதம் உடற்பயிற்சி. மேற்பார்வை மனைவி. பத்து தடவை காலை நீட்டச் சொன்னால் பன்னிரண்டு வாங்குகிற மேற்பார்வை.

கெட்டியான ரப்பர் மெத்தை மேல் கொஞ்சநேரம் மண்டி போடலாம் என்று டாக்டரம்மா அனுமதித்த மறுநாள், மேஸ்திரி தன் வீட்டுச் சமையலறையையே தேர்ந்தெடுத்தார். ஊருக்கெல்லாம் தரை போட்டவர் வீட்டில் அன்றுவரை வெறும் சிமெண்டுதான்!

மெல்ல இறங்கினார். கலவையை விரித்து, முதல் டைல்ஸை வைத்து, தட்டிப் பார்த்தார். இனி எழ வேண்டும். மனைவி ஜன்னலைப் பார்ப்பது போல நின்றார். ஆனால் இரண்டு கையும் அவர் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் தயாராக இருந்தன.

யார் கையும் படாமல் மேஸ்திரி எழுந்துவிட்டார். எழுந்தவர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதார்.

மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எந்திரிச்சாச்சுல்ல? மறுபடி மண்டி போடுங்க. இன்னும் நூத்திப்பத்து இருக்கு."