லைன் வேகமாகிவிட்டது என்று ஒரு முறைப்பாடு

கைபேசிக் கம்பனி ஒன்றின் வெள்ளவத்தைக் கிளையில் இருபத்தாறு வருடம் கவுண்டரில் இருந்தேன். லைன் இழுக்குது, படம் சுத்துது, டேட்டா காணாது என்று வந்தவர்களுக்குக் கணக்கில்லை. லைன் வேகமாகிவிட்டது என்று முறைப்பாடு கொண்டுவந்தவர் ஒரே ஒருவர்தான். புவனம் அன்ரி.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருந்தவர். ஒரே மகன் கனடாவில். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு அவன் வீடியோ கோல் எடுப்பான். அன்ரியின் கிழமை முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடும்.

பழைய 3ஜி சிம்காரரை 4ஜிக்கு மாற்றும் டார்கெட் அந்த மாதம் எங்கள் தலையில் இருந்தது. போனுக்குக் காசு ரீலோட் போட வந்த அன்ரியை நான்தான் மடக்கிப் பிடித்தேன். போன் மகன் அனுப்பிய நல்ல போன், சிம்தான் பழசு. மகன் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். ஸ்பீட் டெஸ்ட் போட்டு முள்ளு ஏறுவதையும் காட்டினேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

மூன்று கிழமை கழித்து வந்தார். டோக்கன் எடுத்துக் காத்திருந்து என் முன்னால் உட்கார்ந்தார். லைன் வேலை செய்யவில்லையா என்று கேட்டேன்.

“நல்லா வேலை செய்யுது தம்பி. அதுதான் கரைச்சல். முந்தி ஒரு சொல்லை நாலு தரம் சொல்லுவான். கேக்குதோ அம்மா, கேக்குதோ எண்டே அரை மணித்தியாலம் போயிடும். இப்ப எல்லாம் ஒரே தரத்தில கேக்குது. கேட்டு முடிய போனை வைச்சிடுறான்.”

முன்பு படம் அடிக்கடி நின்றுபோகுமாம். மகன் சிரித்தபடி அப்படியே நிற்பானாம். சின்ன வயதில் விழுந்த நெற்றித் தழும்பு, காதோரம் புதிதாக வந்த நரை எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் ஆறுதலாகப் பார்ப்பாராம். இப்போது அவன் நடந்துகொண்டே கதைக்கிறான், முகம் ஓரிடத்தில் நிற்பதில்லை.

“பழையபடி ஆக்கித் தர ஏலுமோ?”

மனேஜருக்குத் தெரியாமல் போனின் செட்டிங்ஸில் ‘3ஜி மட்டும்’ என்று மாற்றிவிட்டேன். கண்டிருந்தால் மனுசன் என்னை உரித்திருப்பார். அன்ரி சந்தோசமாகப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே வாசலில் நின்றார். படம் நின்றதாம். ஆனால் மகன் முன்புபோலக் காத்திருக்கவில்லை. லைன் சரியில்லை அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டான். பிறகு எடுக்கவில்லை.

“அவன் வேகத்துக்குப் பழகிட்டான் தம்பி. திருப்பிப் போட்டு விடுங்கோ. நாலு நிமிஷமெண்டாலும் கதைப்பான்.”

போட்டுக் கொடுத்தேன். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்லைன் வகுப்புக்காரருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் வேகம் தேவைதான், தாராளமாக விற்கலாம். ஆனால் யாரோடு கதைக்க இந்தப் போன் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

என் மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது இருப்பதிலேயே ஆக வேகமான லைன். சனிக்கிழமைகளில் எடுப்பாள். சாப்பாடு கேட்பாள், மருந்து கேட்பாள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவள்மேல் கோபமில்லை. பார்த்தது போதாது என்ற ஏக்கம்தான்.

போன சனிக்கிழமை நடுவில் படம் நின்றது. தலையைச் சாய்த்து எதையோ சொல்ல வாயெடுத்த முகம். தாயின் கூரான நாடி அவளுக்கு வந்திருப்பதை அன்றுதான் கண்டேன். ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ என்று இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். போனைத் தொடவில்லை. லைன் தானாக வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.