சகலைக்கு ஒரு புது கார்டு

அந்தக் கம்பெனியில் நாலாயிரம் பேர் கழுத்தில் தொங்குகிற கார்டு அத்தனையும் அவர் கையால் ஆனது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு கேமரா, ஒரு பிரிண்டர், பின்னால் வெள்ளைத் துணி. பதினேழு வருஷமாக அதுதான் அவர் உலகம். கார்டுக்காரர் என்றால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் தெரியும். அவர் எடுக்கிற போட்டோவில் எல்லாருமே திருடன் மாதிரி இருப்பார்கள் என்று ஒரு கேலி உண்டு. "இருக்கிற மூஞ்சிதானேப்பா விழும்" என்பார்.

கார்டு கொடுத்த அதே கைதான் அதை முடக்கவும் வேண்டும். அங்கே ஆளை வேலையை விட்டு அனுப்புகிற லட்சணமே தனி. ஒரு திங்கட்கிழமை, சரியாகப் பத்தரை மணிக்கு, பட்டியலில் இருப்பவர்களை மேல்மாடிக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் அங்கே நாற்காலியில் உட்காருகிற நேரத்தில் இவர் கீழே ஒரு பொத்தானை அமுக்குவார். திரும்பி வந்தால் அவர்கள் வேலை பார்த்த அறைக் கதவே அவர்களுக்குத் திறக்காது. பக்கத்தில் ஒரு காவலாளி, கையில் ஒரு அட்டைப்பெட்டி, நேரே வாசல். இதற்குச் 'சீரமைப்பு' என்று பெயராம். தலையை வெட்டிவிட்டு முடி திருத்தினோம் என்கிற மாதிரி.

பட்டியல் இவர் கைக்கு ஐந்து நாள் முன்னாடியே வந்துவிடும். வெளியே மூச்சு விட்டால் இவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் புதன்கிழமை வந்ததில் முப்பத்தொரு பேர். பத்தொன்பதாவது ஆள் அவருடைய சகலை.

பெயருக்கு மட்டும் சகலை இல்லை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதே கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பா திறக்கிறவர். அக்காவும் தங்கையும் காலையில் போனில் பேசாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றாது.

மறுநாள் சாப்பிடும்போது சகலை குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, பக்கத்துத் தொழிற்சாலையில ஸ்டோர் வேலைக்குக் கூப்பிடறாங்க. சின்ன இடம்தான். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். போகட்டுமா, இருக்கட்டுமா?"

'போ' என்று ஒரே ஓர் எழுத்து. அதைச் சொல்ல என்ன கேடு? ஆனால் பட்டியல் வந்த கையோடு, பட்டியலில் இருக்கிறவன், அதுவும் இவர் சகலை, ராஜினாமா நீட்டினால் மேலே இருப்பவர்கள் என்ன முட்டாள்களா? மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். அவர் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டு, "உன் இஷ்டம். ஆனா அவசரப்படாதே" என்றார்.

பாவி மனுஷன், சும்மாவாவது இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகலை வாயெல்லாம் பல்லாகக் கீழே இறங்கி வந்தார். "வேண்டாம்னு சொல்லிட்டேண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. இந்தப் பழைய கார்டுல என் மூஞ்சியே அழிஞ்சு போச்சு, புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க."

என்ன சொல்லி மறுப்பது? வெள்ளைத் துணி முன்னால் நிற்க வைத்தார், போட்டோ எடுத்தார், மூன்று வருஷம் செல்லும் என்று தேதி போட்டு, சூடு ஆறாத கார்டைக் கையில் கொடுத்தார். "இதுலதாண்ணே மனுஷன் மாதிரி இருக்கேன்" என்று சகலை சிரித்தார்.

திங்கட்கிழமை பத்தரைக்குப் பொத்தானை அமுக்கினார். விரல் நடுங்கியது என்று சொன்னால் பொய். நடுங்கவே இல்லை. அந்த நினைப்புதான் அப்புறம் அவரைத் தூங்கவிடாமல் அரித்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, சகலையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்தச் சின்னத் தொழிற்சாலைக்கு அவரே போனார். உள்ளே போன சகலை ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"சனிக்கிழமையே வேற ஆள் போட்டாச்சாம். பரவாயில்லண்ணே, என்னால உங்க வேலையும் கெடுது. கிளம்புங்க."

அந்தப் 'பரவாயில்ல'யைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கிளப்பிய வண்டியை அணைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "போன புதன்கிழமையே தெரியும். நீ போகட்டுமான்னு கேட்டப்பவும் தெரியும். போட்டோ எடுத்தப்பவும் தெரியும்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். சகலை அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கையில் இருந்த ஹெல்மெட்டை சீட் மேல் வைத்துவிட்டு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனவர் திரும்பி வந்தார்.

"வீட்ல சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் வீட்டுக்காரி அவ அக்கா மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. அவளுக்கு வேற யார் இருக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"தெரியும்" என்றார் சகலை. "அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."