தம்பியின் ஞாயிற்றுக்கிழமை வண்டி

என் தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைவடைகிறது. நினைவு ஜெபத்துக்கான அழைப்போடு இந்த மலரும் உங்கள் வீட்டுக்கு வருகிறது. படித்து முடித்துப் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஒருமுறை படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்காரர் மாதிரிக்கென்று சில நினைவு மலர்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் இறந்தவர் பொறுமையின் சிகரம், அன்பின் ஊற்று, சபையின் தூண். இத்தனை தூண்கள் இருந்தும் நம் ஆலயத்துக் கூரை ஏன் ஐப்பசிக்கு ஐப்பசி ஒழுகுகிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இறந்தவரை ‘அவர்’ என்று எழுதினால்தான் மரியாதை என்றார். அட்டையில் அப்படியே போட்டுக்கொள்ளட்டும். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு அவன் அவன்தான்.

தம்பி பிறந்தது மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா அங்கே வாட்ச்மேன், அம்மா பழம் பறிக்கப் போவார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவின் உழைப்பில் நான் படித்து மிஷன் பள்ளியில் தையல் டீச்சர் ஆனேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஜீப்பில் கிளீனராகப் போனான், டிரைவர் ஆனான், பிறகு ஒரு பழைய ஜீப்பை வாங்கி மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் வண்டி ஓட்டினான். அப்போது உதவி செய்ய முன்வராத சொந்தங்கள், சொந்தமாக வண்டி வந்த பிறகு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவனைத் தேடி வந்தார்கள். தேடி வந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து வாய் ஒன்றுதான். எனக்கு வாயோடு நின்றது, தம்பிக்குக் கையும் நீண்டது. ஸ்டாண்டில் யாராவது முறை மாறி ஆள் ஏற்றினால் சட்டையைப் பிடித்துவிடுவான். வேதம் வாசிக்கிற வீட்டுப் பிள்ளையா இது என்று கேட்டவர்களிடம், “வேதம் வாசிக்கறது எங்கக்காங்க. நான் வண்டி ஓட்டறவன்” என்பான்.

கல்யாணத்துக்குப் பிறகு, தம்பி மனைவி இழுத்த இழுப்புக்கு ஆலயத்துக்கு வரத் தொடங்கினான். எந்தத் தேதியில் மனந்திரும்பினான் என்று கேட்கிறவர்கள் நம் சபையில் உண்டு. அப்படி ஒரு தேதி கிடையாது. நேற்று திட்டியவனை இன்று திட்டவில்லை, அவ்வளவுதான். திடப்படுத்தல் எடுத்து, சபையில் முழு அங்கமாகி, அப்பமும் ரசமுமாக முதல் திருவிருந்து வாங்கிய அன்று வெளியே வந்து என்னிடம், “அக்கா, கையெல்லாம் நடுங்கிப்போச்சு” என்றான். மூடுபனியில் கொண்டை ஊசி வளைவைத் திருப்பும்போதுகூட நடுங்காத கை அது. அதற்குப் பிறகு திருவிருந்து ஞாயிறு வந்தால் சனிக்கிழமையே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிடுவான். அவனுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் ஏற்காட்டில் சந்தை. எஸ்டேட் பெண்களுக்கு அன்றுதான் லீவு. பஸ் வருவது அதன் இஷ்டம். அதனால் தம்பியின் வண்டி ஞாயிறும் ஓடியது. காலை முதல் நடையில் ஆலயத்துக்கு வருகிறவர்கள், அதற்கடுத்து சந்தைப் பெண்கள். திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும், ஆராதனை முடியும்வரை சந்தைக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வருவான். அந்தப் பெண்கள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்தவர்கள் வேறு.

நம் சபைச் செயலாளர் எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர். பக்தியில் பழுத்தவர். வாரம் தவறாமல் தம்பி வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து வருவார், இறங்குவார், வேட்டியை உதறுவார், உள்ளே போவார். அவர்தான் கமிட்டியில் புகார் வைத்தார். ஓய்வுநாளில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்குத் திருவிருந்து கொடுப்பது முறையா என்று கேட்டாராம். அதை ஆமோதித்தவர்களும் அந்த வண்டியில் வருகிறவர்கள்தான், பின் சீட்டு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏறி வந்த வண்டியிலிருந்து இறங்கிய கையோடு செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதிருந்த போதகர் ஐயா பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிறு ஓட்டத்தை விடும்வரை பீடத்தண்டை வரவேண்டாம் என்று கனிவாகச் சொன்னார். கனிவில் குறையே இல்லை.

அடுத்த ஞாயிறு தம்பி வண்டியை எடுக்கவில்லை. நான் அவன் வீட்டில்தான் இருந்தேன். வெளியே மழை. செயலாளரிடமிருந்து போன் வந்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏப்பா, வண்டி இன்னும் காணமே?”

“நீங்கதானுங்கண்ணா நிறுத்தச் சொன்னீங்க.”

“அது நீ ஓட்டறதைப் பத்திச் சொன்னது. நாங்க கோயிலுக்கு வர்றது வேறயில்ல? மழ வேற பேயுது. சீக்கிரம் வா.”

இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்கிற அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. தம்பி போனை வைத்தான். “போகாத சாமி. முட்டி தேய நடந்து வரட்டும்” என்றேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து வருடக்கணக்கில் இதுதான் நடந்தது. அவர்களைத் திருவிருந்துக்கு நேரத்தோடு கொண்டுவந்து இறக்குவான். அவர்கள் உள்ளே போய் முழங்காலிடுவார்கள். இவன் வாசலுக்கு வெளியே ஜீப்பில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் ஆராதனை கேட்பான். வெள்ளைச் சட்டையைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் அன்றோடு திருவிருந்து எடுப்பதை நிறுத்தினேன். தம்பிக்கு இல்லாத பந்தியில் எனக்கு இலை வேண்டாம் என்று கமிட்டியிடம் நேரிலேயே சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை, நிம்மதியடைந்திருப்பார்கள்.

சீஷனாக வளர்வது எப்படி என்று நம் சபையில் முகாம் நடத்துவார்கள். பேனர் கட்டி, பிரியாணி போட்டு. நான் அதைத் தம்பியின் ஜீப்பிலேயே பார்த்தேன். முதல் சில மாதங்கள் செயலாளர் ஏறியதும் தம்பி வேண்டுமென்றே பிரேக்கைக் குத்துவான், மாலையில் என் வீட்டுக்கு வந்து அவரைக் கிழித்துத் தொங்கவிடுவான். எனக்கு இனிக்கும். பிறகு பிரேக் குத்துவதை விட்டான். பிறகு திட்டுவதை விட்டான். “அந்தாளப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?” என்று நானே எடுத்துக் கொடுத்தாலும், “சொல்றதுக்கு என்னக்கா இருக்குது” என்பான். பிறகு அவர் தாமதமாகும் நாட்களில் காத்திருக்கத் தொடங்கினான்.

அவருக்கு முட்டி வலி வந்து வண்டியில் ஏற முடியாமல் போனபோது, எஸ்டேட் தச்சரிடம் சொல்லி ஒரு ஏறுபலகை செய்துகொண்டு வந்தான். ஞாயிறுதோறும் இறங்கி வந்து அதைத் தரையில் வைப்பான், கை கொடுப்பான், ஏற்றிவிட்டுப் பலகையை எடுத்துச் சீட்டுக்கு அடியில் வைப்பான். அந்தப் பலகையை முதன்முதலில் பார்த்த அன்று அவனிடம் கேட்டேன், “உனக்கு முதுகெலும்பு இருக்குதா இல்லையா?”

“இருக்கறதுனாலதான் குனிய முடியுதுக்கா” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவனுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். சேலம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஒரு கட்டத்தில் டாக்டர், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குள் பழைய போதகர் மாற்றலாகி, புதியவர் வந்திருந்தார். இளைஞர். ஒலிபெருக்கியின் கீழே ஒரு ஜீப் ஏன் நிற்கிறது என்று வந்த வாரமே விசாரித்தவராம். அவர் திருவிருந்துப் பாத்திரங்களோடு வீட்டுக்கு வந்தார். பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? செயலாளர்தான். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன்.

தம்பி கண்ணைத் திறந்து, போதகரை அல்ல, அவரைத்தான் முதலில் பார்த்தான்.

“முட்டி எப்படிங்கண்ணா இருக்குது?”

“எங்கப்பா கொறையுது? நீ படுத்ததுல இருந்து எல்லாரும் நடந்துதான் கோயிலுக்கு வர்றோம். நொம்பச் சிரமம்.”

சாகக் கிடக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? செத்துத் தொலையட்டும் என்று எனக்கு வாயில் வந்தது. யார் என்று சொல்ல மாட்டேன். தம்பியோ, மூலையில் நின்ற தன் கூட்டாளி டிரைவரைப் பார்த்து, “ஞாயித்துக்கிழம இவங்கள ஏத்திக்கப்பா. பலக என் வண்டி சீட்டுக்கடியில கெடக்குது” என்றான்.

போதகர் ஜெபம் செய்து தம்பிக்கு அப்பமும் ரசமும் கொடுத்தார். அத்தனை வருடம் கழித்து வாங்குகிறான். கை நடுங்கியது. அது நோயால் என்று நீங்கள் சொல்லலாம். வாங்கியபின் என்னைக் காட்டி, “அக்காவுக்கும் குடுங்கய்யா” என்றான்.

“எனக்கு வேண்டாங்கய்யா” என்றேன். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு தம்பி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். “அவங்கள ஆகலைன்னு நீ பந்தியை உட்டு எந்திரிச்சுட்ட. அது அவங்க ஊட்டு விருந்தாக்கா?”

“மூச்சு வாங்குது. பேசாம படு கண்ணு” என்றேன். வேறு என்ன சொல்ல? வாய் ஒன்றே சொத்தாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தும் எனக்கு அன்று பதில் வரவில்லை. அந்த வாரம் முடியுமுன் அவன் போய்விட்டான்.

அடக்க ஆராதனையில் செயலாளர் இரங்கல் உரை நிகழ்த்தினார். “நமது சகோதரர் ஓய்வுநாள்தோறும் ஜனங்களை ஆலயத்துக்குச் சுமந்து வந்த ஊழியக்காரர்” என்றார். கல்லறைத் தோட்டத்தில் நான் சத்தமாகச் சிரித்ததாகச் சொந்தக்காரர்கள் இன்னும் குறை பேசுகிறார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் எனக்காகப் பரிந்தும் பேசினார்களாம். வேண்டாம், தெளிவாகத்தான் சிரித்தேன். அடுத்த மாதமே கூட்டாளியின் ஜீப்புக்கு மாலை போட்டு, ஜெபித்து, ‘ஆராதனை வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். என் தம்பி ஓட்டினால் பாவம், கமிட்டி தீர்மானம் போட்டால் ஊழியம்.

இனி நன்றி சொல்ல வேண்டும்.

இரவு பகல் பாராமல் தம்பியைப் பார்த்துக்கொண்ட அவன் மனைவிக்கு நன்றி. சேலத்துக்கும் மலைக்கும் முகம் சுளிக்காமல் வண்டி ஓட்டிய கூட்டாளி டிரைவருக்கு நன்றி. அடக்கத்தன்று சந்தையை விட்டுவிட்டு மழையில் நடந்து வந்து, கடைசி வரிசையில் நின்று, எந்த உரையும் நிகழ்த்தாமல் திரும்பிய எஸ்டேட் பெண்களுக்கு நன்றி. திருவிருந்தோடு வீடு தேடி வந்த புதிய போதகருக்கு நன்றி. செயலாளர் அவர்களுக்கும் நன்றி. தம்பியை வளர்த்ததில் அவர் பங்கு பெரிது, அவருக்கே அது தெரியாது. நன்றியில் அவரை விடக்கூடாது என்று தம்பி அவன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இல்லாவிட்டால் இந்த வரி இங்கே இருக்காது.

நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்று திருவிருந்தும் உண்டு. ஒரு வருடமாக யோசித்தும் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் நானும் முழங்காலிடப்போகிறேன். யாருடைய பக்கத்தில் இடம் கிடைத்தாலும் சரி. என் அபிப்பிராயம் எதுவும் மாறவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகத் தம்பியின் ஜீப்பையே எடுக்கிறோம். கூட்டாளிதான் ஓட்டுகிறார். செயலாளர் அவர்களுக்கு வழக்கம்போல முன் சீட்டு. நானும் அந்த வண்டியில்தான் வருகிறேன், பின் சீட்டில். அவர் வீட்டு முன்னால் வண்டி நின்றதும் இறங்கி வந்து அந்தப் பலகையை எடுத்து வைக்கிறவள் நான்தான். கையும் கொடுக்கிறேன். பேச்சுக் கொடுக்காமல் ஏறி உட்காரும்படி மட்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா